விளக்கேந்தியை ராசாவாக்கின படம்

செட்டிபாளையம்,
வாவிக்கரைப் பக்கம்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பத்திராதிபர் ஐயா அவர்களின் சமூகத்திற்கு, கச்சான் கடலை வியாபாரம் செய்யும் தெய்வமணி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு மெசினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அவர் புண்ணியத்தில் நாங்களும் சுகமாக இருக்கிறோம், என் கணவரைத் தவிர. அவருக்கு உடம்பில் வருத்தம் ஒன்றும் இல்லை. உங்கட பேப்பரால் வந்த வருத்தம்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுக்கு மேல பள்ளிக்கூடம் என்னத் தாங்கல்ல. ஆகையால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நானும் உங்கட பிழையப் பொறுத்துக்கொண்டுதான் எழுதுறன். மறுகா, என்ன உங்கட எதிரி எண்டு நினைக்க வேணாம். உங்கட பேப்பர் இல்லாட்டி எனக்குத் தொழிலே இல்ல. வாசிக்கிறதுக்கு எண்டு சொன்னாப் பொய். கச்சான் போடுற நீட்டுக் கூம்புச் சரை சுத்துறதுக்கு உங்கட தாள் மாதிரித் தடிப்பம் வேற ஒண்டிலயும் இல்ல, சூட்டோட போட்டாலும் கிழியாது. ஊர் ஊராக் கோயில் திருவிழாவுக்குக் கடை போடுறவள் நான். சரை சுத்தக்குள்ள கண்ணில பட்டத எழுத்துக்கூட்டி வாசிப்பன். அதால உலக விசயம் எல்லாம் எனக்கு அரைவாசி அரைவாசியாத் தெரியும், மற்ற அரைவாசி ஆரோ ஒருத்தர்ட கச்சானோட போயிருக்கும்.

அப்படித்தான் இதுவும் கண்ணில பட்டது. ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிஞ்ச கையோட வந்த பேப்பர், கோயில் படங்கள் போட்ட பக்கம், கீழ் மூலை. படத்துக்குக் கீழ நீங்க போட்டிருந்தது: "மாமாங்கத் தீர்த்தத்தில் செங்கோலேந்தி, அரச கோலத்தில் நேர்த்தி நிறைவேற்றிய அடியார்." ஐயா, அது அரசனும் இல்ல, அது நேர்த்தியும் இல்ல. அது என்ட மனிசன். பேர் சொல்லிப் பழக்கம் இல்ல, இப்ப அவர் தோணியோட போயிற்றார் எண்டபடியாத் துணிஞ்சு எழுதுறன்: வீரகத்தி. வாவியில வலை போடுறவர். அண்டைக்கு அவர் போட்டிருந்தது ராசாட உடுப்பு இல்ல, ராணிக்குப் பின்னால விளக்குப் பிடிச்சிட்டுப் போற மூண்டாம் விளக்கேந்திட உடுப்பு. செங்கோல் எங்க இருந்து வந்த எண்டு எனக்குச் சத்தியமா விளங்கல்ல. அவர் கொண்டு போனது ஒரு விளக்கு மட்டும்தான்.

எந்த ஊர் ராணி எண்டு கேப்பீங்க. பூமியில இல்ல. என்ட அக்காட மகன் சுபாகரன் பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல வேலை. லீவில வந்தால் ஃபோனக் கையில வச்சு ஒரு தொடர் பாப்பான். ஆகாயத்தில ஒரு ராச்சியம், அதுக்கு மூண்டு நிலா, கப்பல் எல்லாம் தண்ணி இல்லாம ஓடும். தமிழிலதான் பறைவாங்க, ஆனா வாய் ஒரு பக்கம் போகும், சொல் ஒரு பக்கம் போகும். எனக்கு அதில சண்டை துவங்கினா நித்திரை வந்திரும். இவர் பக்கத்தில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு கீழ்க்கண்ணால பாத்தார், மறுகா தலைய நிமித்திப் பாத்தார், மறுகா வலை ஊசிய வச்சிட்டே பாத்தார். ராணி எங்க போனாலும் பின்னால விளக்கேந்திகள் வரிசையாப் போவாங்க. விளக்கு எரியுமட்டும் அவங்க வாய் திறக்கப்படாது. விளக்கு எப்பவும் வலக்கையில. ஏனெண்டா இடக்கைதான் அங்க ராசகை. எங்கட ஊரில இடக்கையால ஒண்ட நீட்டினா அம்மா முழங்கையில தட்டுவா. அங்க ஒருத்தன் விளக்க இடக்கைக்கு எடுத்தான் எண்டால், சிம்மாசனம் இனி எனக்கு எண்டு சொன்ன மாதிரி. ராணிட மாமன்காரன் ஒருக்கா ஒண்டும் பேசாம இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினான், அரமனை முழுக்க வாள் உருவிட்டுது. கடைசியில ராணி செத்துப் போக, சிம்மாசனக் கதிரை வெறுமையாக் கிடக்க, பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் அதுக்கு அடிபட, அந்த மூண்டாம் விளக்கேந்தி மட்டும் கதிரைக்குப் பக்கத்திலயே நிக்கான். கைய மாத்தினாப் போதும். மாத்தல்ல. ராணிட பிள்ளை வந்து சேருமட்டும் அதே இடத்தில அதே கையில விளக்கோட நிண்டான். அந்த இடத்தில இவர் மூக்க உறிஞ்சிக்கொண்டு, மிளகாய் வறுக்கிறியா எண்டு என்னட்டக் கேட்டார். நான் அண்டைக்கு அடுப்பே மூட்டல்ல.

இப்படிக் கதை பாக்கிற ஆக்கள் கொழும்பில வருசத்தில ஒருக்காக் கூடி, அதில வாறவங்க மாதிரி உடுத்துக் காட்டுறாங்க எண்டும், படத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் பரிசு எண்டும், அச்சொட்டா இருக்கோணும் எண்டும் சுபாகரன் சிரிச்சுச் சிரிச்சுப் பகிடியாச் சொன்னான். இவருக்குப் பகிடி விளங்காது ஐயா, அதாலதான் என்னோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்துறார். அடுத்த நாளே வேலையத் துவங்கிற்றார். அந்த உடுப்பு நிறம் என்ன நிறம் எண்டு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. நான் சிவப்பு எண்டன். ஃபோன என்ட மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, பச்சை இறாலும் இல்ல, வெந்த இறாலும் இல்ல, சட்டியில போட்டு நிறம் மாறத் துவங்கிற நேரம் ஒரு நிறம் வருமே, அது எண்டார். பாத்தால், ஓம், அதுதான். அந்த நிறம் வருமட்டும் சீலை சீலையா நனைச்சு அவிச்சார், அதுவும் நான் கச்சான் அவிக்கிற பானையில. அந்தக் கிழமை என்ட கச்சான் கோதெல்லாம் றோசா நிறம். கலியாண வீட்டுக் கச்சான் எண்டு சொல்லி வித்து முடிச்சன். தோளில சிறகு மாதிரி அடுக்கடுக்கா நிக்கிறதுக்கு மீன் போடுற, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிய வெட்டிச் செதுக்கினார். எலுமிச்சம் புளி போட்டுக் கழுவினாலும் மணம் போகல்ல, எங்கட வளவுக்க இல்லாத பூனை எல்லாம் வந்து அவர்ட தோளப் பாத்துக்கொண்டு இருந்தது. முகத்துக்கு முன்னால விழுற திரைக்கு, நூல எடுத்து அவரே வலை முடிஞ்சார். கண்ணி பெரிசு எண்டு ஒருக்கா அவிழ்த்தார், சிறிசு எண்டு ஒருக்கா அவிழ்த்தார். இவ்வளவு நேரம் வாவியில இருந்திருந்தா எங்களுக்கு ரெண்டு தோணி இருக்கும் எண்டு நான் ஏசின நாள் உண்டு. ஆனா அது விழுந்து நிண்ட வடிவப் பாத்த பிறகு நான் ஏசல்ல. காத்து அடிச்சா ஒரு பக்கம் மட்டும் அசையும், படத்தில அசையிற அதே பக்கம். அவ்வளவு பெருத்த விரலால அவ்வளவு மெல்லிசா முடிஞ்ச மனிசன என்ன சொல்லி ஏசிற.

தைச்சது றவூப் நானா. மட்டக்களப்பு டவுனில இருந்து, மாமாங்கக் கோயில் இருக்கிற அமிர்தகழிக்குப் போற வழியில கடை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைச்சே தலை நரைச்சவர், இதக் கண்டதும் பொடியன் மாதிரி ஆயிற்றார். முதுகில தையல் தெரியப்படாது, பொத்தானும் தெரியப்படாது எண்டு இவர் சொல்ல, அப்ப ஆள உள்ள விட்டுத்தான் தைக்கோணும் எண்டு நானா சொல்ல, ஓம் அப்படியே தையுங்க எண்டிற்றார். விளக்குக்கு நீல வெளிச்சம், அதுட பற்றறியையும் உடுப்புக்க வச்சுத் தைக்கிறது. எல்லாத்துக்கும் ஓம் எண்ட நானா ஒண்டுக்கு மட்டும் ஏலா எண்டிற்றார். தொடரில அந்த விளக்கேந்திட இடக்கைச் சட்டைட வாய் பொத்தித் தைச்சிருக்கும், தையலப் பிய்ச்சால் ஒழியக் கை வெளிய வராது. கை வராத சட்டைய நான் தைச்சா இனி ஆர் என்னட்டத் துணி தருவாங்க எண்டு நானா கேக்க, இவரும் ஏன் பொத்தியிருக்காங்க எண்டு தனக்கும் விளங்கல்ல எண்டு சொல்லி விட்டுக் குடுத்திற்றார். அவர் விட்டுக் குடுத்தது அது ஒண்டுதான்.

இவ்வளவும் எனக்குத் துண்டு துண்டாத்தான் தெரியும். முழுசா உடுத்து ஸ்டூடியோவில படம் எடுத்து எனக்குக் காட்டோணும் எண்டு ஆசையாம். அதுக்காக நான் மாமாங்கத்தில கச்சானோட இருக்கிற தீர்த்த நாளாப் பாத்து விடியக்காலையிலயே நானாட கடைக்குப் போயிருக்கார். சனம் கூடமுதல் படம் எடுத்திட்டுத் திரும்பலாம் எண்டு எண்ணம். தையல் சுணங்கிற்று. சுபாகரன் ஓட்டோ கொண்டு வந்தான், தோள்ச் சிறகு ஓட்டோவுக்க போகல்ல. நேரா வச்சும் பாத்தாங்களாம், பக்கவாட்டிலயும் வச்சுப் பாத்தாங்களாம், கதவு நிலையில மீன் பெட்டி மாட்டின மாதிரி நிண்டாராம். சரி, ஸ்டூடியோ கிட்டத்தானே, நடக்கலாம் எண்டு ரோட்டில இறங்கினதுதான். எங்கட முகத்துவாரத்து மணல வெட்டி விட்டா வாவித் தண்ணி எப்படிக் கடலுக்கு இழுக்கும், அப்படிச் சனம் கோயில் பக்கம் போகுது. இவரும் அதோட போயிற்றார். திரும்ப ஏலா. தோள் அகலம். உடுப்பக் கழட்டவும் ஏலா, முதுகில தையல். நான் நேர்த்திக்காரன் இல்ல எண்டு ஒரு சொல் சொல்லலாம்தானே எண்டு நீங்க கேப்பீங்க. விளக்கு எரியுது ஐயா. அத நிப்பாட்டுற சுவிச்சி உடுப்புக்க. விளக்கு எரியுமட்டும் விளக்கேந்தி பறையப்படாது.

சனம் என்ன செய்யும். வெறுங்காலோட, முகத்துக்குத் திரை போட்டு, ஒரு சொல் பறையாம, கையில விளக்கோட ஒருத்தர் வாறார். பின்னால பூனை வேற வருது. தொண்டர்மார் வழி விட்டாங்க. பொம்பிளைகள் குரவை போட்டாங்க. தண்ணிப் பந்தலில இருந்து ஒருத்தன் சக்கரைத் தண்ணி கொண்டு ஓடி வந்து, திரைக்கு முன்னால நீட்டி, குடிக்கல்ல எண்டதும், விரதம் கடும் விரதம் எண்டு தானே குடிச்சிட்டான். குரவைச் சத்தம் கேட்டு நானும் கடைய விட்டிட்டு எழும்பினன். அந்தக் கோலத்தக் கண்டதும், உண்மையச் சொல்லுறன் ஐயா, என்ட மயிர்க்கால் எல்லாம் கூச்செறிஞ்சது. அந்த நிறமும், அந்தத் திரை ஒரு பக்கமா அசையிறதும், அந்த நடையும். நானும் குரவை போட்டன். கும்பிட்டும் போட்டன். குனிஞ்சு காலத் தொடப் போனால், பெருவிரல் நகம் கோணல். கெழுத்தி முள் ஏறிக் கோணின நகம், நான் மஞ்சள் வச்சுக் கட்டின நகம். கலியாணம் முடிச்ச நாளில இருந்து அந்த மனிசனக் கையெடுத்துக் கும்பிட்டது அண்டைக்குத்தான், அதுவும் ஆர் எண்டு தெரியாமல்.

"இது என்ட மனிசன்" எண்டன். பக்கத்தில மாலை விக்கிற பொம்பிளை என்ட கையப் பிடிச்சா.

"தெய்வக் குத்தம் கா, அப்படிச் சொல்லாத."

"தெய்வத்துக்கு வீட்டில புளியாணம் வச்சிட்டு வந்திருக்கன் கா, அவர் இன்னும் சாப்பிடல்ல" எண்டன். அவ என்ட நெத்தியில திருநீற அள்ளிப் பூசி, என்ன ஓரமா இருத்தப் பாத்தா. இவர் திரைக்குள்ளால என்னத்தான் பாத்துக்கொண்டு நிக்கார் எண்டு எனக்குத் தெரியும். முகம் தெரியல்ல, ஆனா விடியவில இருந்து வெறும் வயிறு எண்டும் தெரியும். பாவமாப் போயிற்று. சூடா ஒரு சரை கச்சான எடுத்து நீட்டினன். நல்ல மனிசன், ஒண்டும் பேசாம வலக்கையால மரியாதையா வாங்கினார். அந்த நேரம்தான் உங்கட ஆள் படம் எடுத்திருக்கார். மறுகா சனம் கொஞ்சம் விலக, றவூப் நானா கத்திரிக்கோலோட வந்து சேர்ந்து, கோயில் மதில் நிழலில வச்சுப் பிரிச்சு எடுத்தார். வெளிய வந்ததும் முதல் கேட்டது தண்ணி இல்ல. "எப்படி இருந்த?" எண்டார். நான் சோக்கா இருந்த எண்டன். அவர் அண்டைக்குச் சிரிச்ச சிரிப்ப நான் முதல் பிள்ளை பிறந்த நாளிலதான் கண்டிருக்கன்.

அந்தச் சிரிப்பத்தான் ஐயா நீங்க கெடுத்திட்டீங்க. சரை சுத்தக்குள்ள படத்தக் கண்ட சந்தோசத்தில ஓடிப் போய், நீங்க போட்ட வசனத்த எழுத்துக்கூட்டிப் பெலத்து வாசிச்சன். கையில இருந்த வலை ஊசி நிண்டுது. ராசாவா எண்டு கேட்டார். அந்தப் படத்த வாங்கிப் பாக்கவும் இல்ல. ராசா எண்டு போட்டா என்ன குறைஞ்சு போச்சு, ஆக்கள் காசு குடுத்தும் அந்தப் பேர் கிடைக்கல்லயே எண்டு நான் பகிடி பண்ணினன். அதுக்கு அவர் சொன்னது இதுதான்: "கதிரை பக்கத்தில கிடந்தும் அவன் ராசா ஆகல்ல. அதுக்காகத்தான் நான் அந்த உடுப்பப் போட்டன்." இதோட முடியல்ல. கொழும்புக் கூட்டத்து ஆக்கள் உங்கட படத்த பேஸ்புக்கில போட்டு, இது எந்த ராசா, தலையில கிரீடம் இல்ல, காலில சப்பாத்து இல்ல, எல்லாம் பிழை எண்டு சிரிக்கிறாங்களாம். எல்லாம் சரியாச் செய்த மனிசன் ஐயா. விளக்கேந்தி எண்டு பாத்தா ஒரு நூல் பிழையில்ல, ராசா எண்டு பாத்தா ஒரு நூலும் சரியில்ல. போட்டிக்கு வாற மாதம் போகோணும், சுபாகரன் பேரும் குடுத்திட்டான். இவர் வரல்லயாம். உடுப்பச் சுருட்டிக் கற்பூரம் போட்டுக் கூரை வளையில கட்டித் தூக்கிற்றார். தோள்ச் சிறகு திரும்ப மீன் பெட்டியா ஆகப் போகுது எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு.

ஆகையால் ஐயா, அடுத்த பேப்பரில் கீழ்க்காணும் திருத்தத்தைப் போட்டு உதவவும். நானே எழுதித் தருகிறேன், உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்: "சென்ற மாதம் இப்பத்திரிகையில் அரசர் என்று குறிப்பிடப்பட்டவர் அரசர் அல்லர். அவர் ராணியின் மூன்றாம் விளக்கேந்தி. அவர் ஒருநாளும் ராசாவாக ஆசைப்பட்டதில்லை. செங்கோல் என்பதும் தவறு." இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், நடுப் பக்கத்தில் போட்டால் புண்ணியம். எந்தப் படம் எண்டு தெரியாமல் முழிக்க வேணாம், அடையாளத்துக்கு அதை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் பேனை ஒருநாளும் காயாமல், தங்கள் தாள் ஒருநாளும் மெலியாமல், தங்கள் பிள்ளைகுட்டிகள் வாவி நிறைஞ்ச மீன் மாதிரிப் பெருகி வாழ மாமாங்கப் பிள்ளையார் துணை.

இப்படிக்கு, தங்கள் தாளின் உண்மையான வாடிக்கைக்காரி,
வீ. தெய்வமணி

பி.கு.: ஐயா, மேலே எழுதின எல்லாத்தையும் விட்டிடுங்க. திருத்தம் போட வேணாம்.

கடிதத்த மடிக்கக்குள்ள இவர் வந்திட்டார். அஞ்சாம் வகுப்புப் படிச்சவர் எண்டு பிழை பாக்கக் குடுத்தன். வாசிக்கக்குள்ள உள்ள இருந்த படம் மடியில விழுந்துது. அப்பதான் அத முதல் முதல் பாத்தார். பாத்தவர் எழும்பி வாசல் கடப்படிக்குப் போய் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். கிழிக்கப் போறார் எண்டு நான் பின்னால ஓடினன். பாத்தால் தோள் குலுங்குது. சிரிக்கார். "இஞ்ச பார்" எண்டு காட்டினார். படத்தில விளக்கு இடக்கையில இருக்கு ஐயா. நான் கச்சான நீட்டினதும், கோயில் வாசலில இடக்கையால வாங்கப்படாது எண்டு, விளக்க அந்தக் கைக்கு மாத்திட்டு வலக்கையால வாங்கியிருக்கார். மாத்தினது அவருக்கும் தெரியா, எனக்கும் தெரியா, பக்கத்தில நிண்ட ஒருத்தருக்கும் தெரியா. அந்த ராச்சியத்துச் சட்டப்படி அந்த நிமிசம் இவர் ராசாதானாம். நீங்க போட்டது சரியாம்.

சிம்மாசனத்துக்கு மாத்தாத விளக்க ஒரு சரை கச்சானுக்கு மாத்திப் போட்டீங்களே எண்டு நான் கேட்டன். "நீ நீட்டினா நான் வேற என்ன செய்யிற?" எண்டார். பிறகு, பிழை என்ட கையில எண்டால் தைச்சுப் போட்டாச் சரிதானே எண்டு, வளையில கட்டின உடுப்ப இறக்கி, கக்கத்தில வச்சுக்கொண்டு றவூப் நானாட கடைக்குப் பஸ் ஏறிற்றார். இடக்கைச் சட்டைட வாயப் பொத்தித் தைக்கப் போறாராம். தொடரில ஏன் அதப் பொத்தி வச்சிருக்காங்க எண்டு இப்பதான் விளங்கினதாம். வாற மாதம் கொழும்புக்கு நானும் போறன், கச்சான் இல்லாமல்.

ஒண்டு மட்டும் திருத்துறதெண்டால் திருத்துங்க. அவர்ட வலக்கையில இருக்கிறது செங்கோல் இல்ல. உங்கட பேப்பர்தான். நான் சுத்தினது.